பானட்டில் படிந்த பட்டை

உங்கள் ஸ்டேஷன் ஜீப்பின் கதவில் ‘காவல்’ என்ற எழுத்தைக் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள், மேடம். உள்ளே வரும்போது முதலில் கண்ணில் பட்டது அதுதான். கடைசி எழுத்தின் முனை பெயர்ந்து மண் அப்பியிருக்கிறது. ஒட்டியவன் கதவைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறான். இதைச் சொன்னால் ‘வண்டி ஓடுதா, அத்தப் பாரு’ என்பார்கள். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான்.

டீ வேண்டாம், நன்றி. நான் வேதமுத்து. அண்ணனூரில் சொந்த வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பெயிண்ட் ஷாப் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் ஜெர்வின் என் வீட்டு முன்னறையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனான். நீங்கள் வந்து பார்த்தீர்கள், நாலு பேரைக் கேட்டீர்கள், ‘ஜன்னலை மூடிக்கொண்டு பெயிண்ட் அடித்த கவனக்குறைவு’ என்று முடிவு செய்துவிட்டீர்கள். நான் வந்திருப்பது அந்த வார்த்தையைத் திருத்த. என் கையெழுத்தோடு வெளியே போன ஒரு பம்பர்கூடக் கவனக்குறைவு என்று திரும்பி வந்ததில்லை.

உயிரோடு இருந்தபோது அவனை ‘மாப்பிள்ளை, வாங்க, போங்க’ என்றுதான் அழைத்தேன். இங்கே அவன் என்றே சொல்கிறேன். மரியாதை எல்லாம் சாப்பாட்டு மேசையோடு சரி.

என் பொழுதுபோக்கைப் பற்றி அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். நீங்கள் ‘பொம்மைக் கார்’ என்றீர்கள். என் சொந்தக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி அது. பாகம் பாகமாக வரும். வெட்டி, தேய்த்து, சேர்த்து, வண்ணம் அடித்து, கடைசியில் அதன் மேல் எண், பட்டை, விளம்பரம் எல்லாம் ஏற்ற வேண்டும். அதுவரை எவன் வேண்டுமானாலும் செய்யலாம். எழுத்து ஏற்றும் இடத்தில்தான் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஜெர்வின் பெண் பார்க்க வந்தபோது என் மகள் ஜெனிஷாவைப் பார்த்ததைவிட என் கண்ணாடி அலமாரியைப் பார்த்த நேரம் அதிகம். மார்த்தாண்டத்துப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நூம்பலில் ஃபிளாட். எதைப் பார்த்தாலும் சிரிப்பான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தானும் ஒரு காரைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

அதில் ஒட்டியிருந்தது சாதாரண ஸ்டிக்கர். பின்பக்கம் பசையோடு வருமே, பள்ளிக்கூட நோட்டில் பிள்ளைகள் ஒட்டுவது, அதே சங்கதி. தடிப்பாக இருக்கும். வளைவில் படியாது. அதையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, எழும்பிய குமிழிகளைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தான். கதவு முழுக்க அம்மைத் தழும்பு.

“எப்படி மாமா இருக்கு?” என்றான்.

“நல்லா இருக்கு மாப்பிள்ளை,” என்றேன்.

நான் ஒருவனிடம் ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் அவனைக் கைகழுவிவிட்டேன் என்று அர்த்தம். பெயிண்ட் ஷாப்பில் அது எல்லோருக்கும் தெரியும். இவனுக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகப் போய், அடுத்த வாரம் இன்னொன்றோடு வந்தான்.

இந்த முறை தேய்த்து ஏற்றும் எழுத்து. மெல்லிய தாளின் அடியில் எழுத்து இருக்கும். தாளை வண்டியின் மேல் வைத்து மழுங்கின குச்சியால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்து மட்டும் இறங்கிவிடும். ஈரம் வேண்டாம், பசை வேண்டாம். ஆனால் கை லேசாக இருக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்டான். நல்லா அழுத்தித் தேயுங்க என்று சொன்னேன். அழுத்தினால் எழுத்து உடைந்துவிடும் என்பது யோசிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் யோசிக்கிறானா என்று பார்க்கத்தான் சொன்னேன். அதில் ஒன்றும் தப்பில்லை.

எல்லா எழுத்தும் உடைந்துபோயிற்று. எங்களைப்போல மாடல் செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை ஆவடியில் சம்பந்தம் என்பவர் வீட்டு மாடியில் கூடுவோம். அங்கே அந்தக் காரைத் தூக்கிக் காட்டி, “மாமா சரியாத்தான் சொன்னாரு, நாந்தான் சொதப்பிட்டேன்,” என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தான். எல்லோரும் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். தோற்றுப்போனதைச் சொல்லி ஒருவன் பிரியம் சம்பாதிப்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த மாடியில் கேள்வியோடு வருகிறவர்கள் என்னிடம் வருவதற்கு முன் அவனிடம் போய் நின்றார்கள். தெரியாதவனிடம் கேட்பது சுலபம் அல்லவா.

வீட்டில் சகாயம்மாளும் அவன் பக்கம்தான். என் மனைவி. “உங்களுக்கு இன்னா கொறச்சல்? அவருக்கு அப்பா இல்ல. ஆசையா ஓடி வர்றாரு. கொஞ்சம் சிரிச்சி பேசினா இன்னா?” என்பாள். நான் சிரித்துத்தான் பேசினேன், மேடம். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மூன்றாவது வகைதான் தண்ணீர் டீக்கல், நனைத்து ஏற்றும் படம். அதுதான் உண்மையான வேலை. படத்தைத் தாளிலிருந்து வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுத்து வைத்தால், அடியில் இருக்கும் பசை இளகும். வெங்காயத் தோலைவிட மெல்லிசான ஒரு படலம் தாளைவிட்டு நழுவும். அதை வண்டியின் மேல் தள்ளி, தூரிகை முனையால் இடம் பார்த்து நிறுத்தி, பஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் இளக்கும் திரவம் ஒரு சொட்டு விடலாம். அப்போது படலம் சுருங்கி, பார்க்கிறவன் பயந்துபோகிற மாதிரி ஆகும். அந்த நேரத்தில் தொடக்கூடாது. பொறுத்தால் தானே படியும். அடியில் துளி காற்று நின்றாலும் காய்ந்தபின் அந்த இடம் வெளுத்து மினுங்கும்; வெள்ளி பூப்பது என்போம், ஒட்டியவனின் பிசகை அது காட்டிக்கொடுத்துவிடும்.

என்னிடம் ஒரு சிவப்பு ராலி பந்தயக் கார் இருந்தது. பழைய இத்தாலிய வண்டியின் மாதிரி. அதன் பானட்டின் குறுக்கே கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட ஒரு பட்டை போகும். நடுவில் காற்று போக வரிவரியாக வெட்டிய மேடு. பட்டை அந்த வரிகளுக்குள் இறங்கி ஏற வேண்டும். நான் ஏற்றும்போது அது கிழிந்துவிட்டது. தாள் பழையது. பழைய தாள் அப்படித்தான் கிழியும். அந்தத் தாள் இப்போது எங்கும் கிடைக்காது. பட்டை இல்லாமலேயே அந்தக் காரை அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தேன். கேட்கிறவர்களுக்குத் தாள் பழையது என்று சொல்லிவிடுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்கு என் பிறந்தநாள். சர்ச்சில் ஆராதனை முடிந்து மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். சகாயம்மாள் பிரியாணி செய்திருந்தாள். ஜெனிஷாவுக்கு ஏழாம் மாதம். சாப்பிட்டுவிட்டு அம்மாவும் மகளும் குழந்தைக்கு மெத்தை, கொசுவலை பார்க்க ஆட்டோ பிடித்துக் கரையான்சாவடிக்குப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஜெர்வின் தன் தோள்பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து என் வேலை மேசையின் மேல் வைத்தான்.

“மாமா, கண்ண மூடுங்க.”

நான் மூடவில்லை. அவன் பெட்டியைத் திறந்தான். சிவப்பு ராலி கார். பானட்டில் அந்தப் பட்டை.

“தாள் கிடைக்காதுன்னு சொன்னீங்கல்லா? ஜப்பான்ல ஒரு பெரியவர்ட்ட இருந்துச்சு. ரொம்ப நாள் கெஞ்சி வாங்குனேன். உங்க கார்லயே போடலாம்னுதான் நெனச்சேன். அதத் தொடப் பயமா இருந்துச்சு. அதான் தனியாவே ஒண்ணு செஞ்சிட்டேன். உங்களுக்குத்தான் மாமா.”

நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பட்டை வரிகளுக்குள் இறங்கி ஏறியிருந்தது. தூரிகையால் தீட்டியதுபோல இருந்தது. விளிம்பு எங்கே முடிகிறது என்று விரலுக்கே தெரியவில்லை.

“அதே பழைய தாளா?” என்றேன்.

“அதேதான் மாமா. உங்களுது வந்த அதே வருஷம்.” பிறகு அலமாரியைப் பார்த்துச் சொன்னான். “மேல் தட்டுல பட்டை இல்லாம அந்தக் கார் நிக்கிறதப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமா இருக்கும். அத எடுத்துட்டு இத வச்சிரலாம்.”

அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைக் குத்திக்காட்டுகிறான் என்றால் பரவாயில்லை, அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவன் குத்திக்காட்டவில்லை. அவன் எனக்காகப் பரிதாபப்பட்டான். குண்டூசியால் ஸ்டிக்கரைக் குத்தியவன்.

“கிளியர் கோட் அடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?”

“இல்ல மாமா. அது நீங்க அடிக்கணும். இதுல உங்க கையும் வேணும்.”

டீக்கலின் மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு அடித்தால்தான் அது நிற்கும். என்னிடம் ஹார்டனர் என்ற இறுக்கும் ரசாயனம் கலந்து அடிக்கும் வகை இருந்தது. எங்கள் பெயிண்ட் ஷாப்பில் மூச்சுத் தொந்தரவு இருக்கிறவனை அந்தப் பூச்சு அடிக்கும் பக்கம் விடமாட்டோம். அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். ஜெர்வினுக்குச் சின்ன வயசிலிருந்து ஆஸ்துமா. அதைப் பெண் பார்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். இன்ஹேலர் இல்லாமல் அவன் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டான்; அது அவன் தோள்பையிலேயே இருக்கும். அவன் வந்திருக்கும்போதெல்லாம் நான் கொல்லைப்புறத்துக்குப் போய்த்தான் அடிப்பேன். அது பழக்கமாகவே ஆகியிருந்தது.

“பின்னாடி போய் அடிக்கிறீங்களா? நான் இங்க இருக்கேன்,” என்றான்.

“வெளிய காத்து, தூசி. ஈரத்துல தூசி விழுந்தா உங்க வேலை வீணாப் போயிரும். இங்கயே அடிக்கிறேன். பக்கத்துல இருந்து பாருங்க, கத்துக்கலாம்.”

“வாசன எனக்கு ஒத்துக்காதே மாமா.”

“இது தண்ணியில கலக்குற வகை. ஒண்ணும் செய்யாது.”

அவன் சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நான் ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்தேன். அதற்கு முன்னால் அவன் பையை வாங்கிக்கொண்டுபோய் அவனுடைய ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். துணிப்பையிலிருந்து பஞ்சு பறக்கும் என்று சொன்னேன். பறக்கத்தான் செய்யும். நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரியானது, மேடம். எந்த மாடல்காரனிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு என் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டேன். வடிகட்டி வைத்த மாஸ்க். வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

முதல் கோட் பாதியில் அவனுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான், எச்சில் காரில் பட்டுவிடக்கூடாது என்று. கொஞ்ச நேரத்தில் “மாமா, பை,” என்றான். நான் கையைக் காட்டி, இருங்க என்றேன். ஒரு கோட் தொடங்கினால் ஓட்டம் விடாமல் முடிக்க வேண்டும். அவன் எழுந்து கதவிடம் போனான். அந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பி அப்படியே நின்றுவிட்டது. கைப்பிடியைத் தூக்கி இழுத்தால்தான் வரும். எனக்கும் சகாயம்மாளுக்கும் அது பழக்கம். அவன் நேராக இழுத்தான். திரும்பத் திரும்ப நேராகவே இழுத்தான்.

தூக்கி இழுங்க என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்?

பிறகு அவன் கதவோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமெல்லாம் இல்லை. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு மாமா வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்கூட அவனுக்குப் புரியவில்லை. இவ்வளவு மந்தமான ஒருவனுக்கு அந்தக் கை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

பக்கத்து வீட்டு முத்தம்மாள் ஜன்னலைத் தட்டினாள். பெயிண்ட் நெடி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது.

“சார், இன்னா சார் இது, இப்பிடி நாறுது? கதவெல்லாம் சாத்திகினு கீறீங்கோ. பாப்பா ஊட்டுக்காரரு உள்ளயா கீறாரு? அவருக்கு ஆவாதே.”

மாஸ்க்கை விலக்காமல் சத்தமாகப் பதில் சொன்னேன். “அவரு உள் ரூம்ல தூங்குறாரும்மா. நீங்க போங்க.”

அவள் போய்விட்டாள். உங்களிடம் அவள் இதைச் சொல்லவில்லை. ‘சார் பதட்டத்துல இருந்தாரு, பாவம், குரலே மாறிப்போச்சி’ என்று சொல்லியிருக்கிறாள். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் எவன் குரலும் அப்படித்தான் வரும். ஒரு விஷயத்தைக் கண்ணெதிரே வைத்தாலும் இவர்களுக்குப் பார்க்கத் தெரியாது.

அப்போது ஜெர்வினின் கண் திறந்திருந்தது. கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பான். நான் மேசைக்குத் திரும்பிப்போய், முதல் கோட் இறுகும்வரை காத்திருந்து, இரண்டாவது கோட் அடித்தேன்.

அவன் அசைவது நின்ற பிறகு காரை மூடிபோட்டு வைத்தேன். அவனை நகர்த்திவிட்டுக் கதவைத் தூக்கி இழுத்துத் திறந்தேன். ஈரத்துணியை எடுத்துக் குளியலறையில் அலசிப் போட்டேன். ஸ்கூட்டரிலிருந்து பையை எடுத்துவந்து, இன்ஹேலரை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் உருட்டிவிட்டேன், தேடும்போது கைதவறி விழுந்ததுபோல. அதன் பிறகு முத்தம்மாளைக் கூப்பிட்டேன். நீங்கள் வந்தபோது பார்த்த அறை நான் ஒழுங்குபடுத்திய அறை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் கவனக்குறைவு என்றீர்கள்.

அடக்கம் முடியும்வரை நான் பேசாமல் இருந்தேன். பேசாமலே இருந்திருப்பேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சகாயம்மாள் மட்டும் கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது ஒரு கேள்வி கேட்டாள். “கதவத் தூக்கி இழுக்கணும்னு அவருகிட்ட சொன்னீங்களா?” நான் முன்னால் நடந்தேன்.  அன்றைக்கே மகளோடு நூம்பலுக்குப் போய்விட்டாள்.

என்னை இங்கே வரவைத்தது என் மகள் பேசிய பேச்சு. நேற்று அவள் மாமியார் ஊரிலிருந்து வந்தவர்களோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்களில் ஒருவர் என்னைக் கொஞ்சம் கடுமையாகக் கேட்டார், மூடின அறையில் எப்படி அடித்தீர்கள் என்று. ஜெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அப்பாவ யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. அவருக்கு வயசாயிடுச்சி. இப்பல்லாம் அவருக்கு ஒண்ணும் சரியாத் தெரியறதில்ல. கை நடுங்குது, பட்டையக்கூடக் கிழிச்சிட்டாருன்னு ஜெர்வினே வருத்தப்பட்டாரு. அவரு வேணும்னு செய்யல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடுமையாகக் கேட்டவர் என் தோளில் கை வைத்தார். எல்லோருடைய முகத்திலும் அதே பரிதாபம். அவர்கள் இரண்டு பேரும் நூம்பலில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

என் கை நடுங்காது, மேடம். இதோ, பாருங்கள்.

ஆகவே நீங்கள் எழுதவேண்டியது இது. வேதமுத்து தெரிந்து செய்தான். இன்ன பூச்சு இன்ன ஆளை என்ன செய்யும் என்று தெரிந்து, அவன் மருந்தை அவனிடமிருந்து பிரித்து, பொய் சொல்லி உட்காரவைத்து, உதவிக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பி, அவன் சாகும்வரை பக்கத்தில் இருந்தான். ஓர் இடத்திலும் கவனம் பிசகவில்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறாமை சமமானவர்களுக்குள் வருவது. அவன் பட்டையை ஒட்டியது அதிர்ஷ்டம். இரண்டாவது முறை அவனால் முடிந்திருக்காது. இரண்டாவது முறை இல்லை என்பதால் அதை யாரும் நிரூபிக்கவும் முடியாது, அது வேறு விஷயம்.

அந்தக் காரை நீங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று நானே எடுத்துவந்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் இருக்கிறது. மெதுவாகத் திறவுங்கள், பூச்சு இன்னும் முழுசாக இறுகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த வரிகளுக்குள் எங்கேயோ ஓர் இடத்தில் வெள்ளி பூத்திருக்கிறது, மேடம். பூத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் கண் என்னைவிட இளசு. வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.